அலுமினியத்தில் கல் மாதிரி நிற்கும் பிரைமர் இன்கோனலில் ஏன் உரிகிறது?

கேள்வி இதுதான். இன்கோனல் 718 என்ற நிக்கல் கலப்புலோகத்தில் செய்த விமான பிராக்கெட்டுகள். அசிட்டோனில் துடைத்து, நைட்ரிக் அமிலத்தில் பாசிவேஷன் (துரு வராமல் இருக்க மேற்பரப்பைப் பதப்படுத்துவது) செய்து, கழுவிக் காயவைத்து, இரண்டு பாக எபாக்சி பிரைமர் (பெயின்ட்டின் அடிப்பூச்சு) அடித்திருக்கிறீர்கள். உலர்ந்த நிலையில் படலத்தைக் கீறி, மேலே டேப் ஒட்டி இழுத்தால் ஒன்றும் வரவில்லை. 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துவிட்டு இழுத்தால், இரண்டு கீறல்களுக்கு நடுவே உள்ள படலம் ஒரே துண்டாக டேப்போடு வந்துவிடுகிறது. அதே டின்னிலிருந்து அதே நாளில் அலுமினியத்தில் அடித்தது அசையவில்லை. பிரைமர் பிராண்டை மாற்றலாமா என்று கேட்கிறீர்கள்.

மாற்ற வேண்டாம். பிரைமர் சரியாக இருக்கிறது என்பதற்கு அந்த அலுமினியத் தகடே சாட்சி. கோளாறு அதற்கு அடியில் இருக்கிறது.

முதலில், உரிந்து வந்த அந்தத் துண்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். டேப்பைத் திருப்பி, படலத்தின் அடிப்பக்கத்தை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். பளபளவென்று, உலோகத்தில் இருந்த மெஷின் கோடுகளை அச்செடுத்தது போல இருந்தால், பிரைமர் உலோகத்தை நன்றாகத்தான் நனைத்திருக்கிறது, ஆனால் எதையும் பற்றிக்கொள்ளவில்லை. சாம்பல் நிறத் தூள் ஒட்டியிருந்தால், ஹீட் ட்ரீட்மென்ட்டில் வந்த செதில் மீதோ கிரிட் (பரப்பைக் கரடாக்க அடிக்கும் உரசல் துகள்) தூசி மீதோ அடித்திருக்கிறீர்கள். உரிந்த இடங்கள் விரல் நுனி அளவில் வட்டம் வட்டமாக இருந்தால் யாரோ கையுறை இல்லாமல் தொட்டிருக்கிறார்கள். டேப்பிலும் பிரைமர், உலோகத்திலும் பிரைமர் என்று படலம் நடுவில் பிளந்திருந்தால் கதை வேறு: கலவை விகிதம் தப்பியிருக்கலாம், தடிமன் கூடியிருக்கலாம், அல்லது உள்ளே இன்னும் காயவில்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் முதல் வகை என்றுதான் தோன்றுகிறது.

718-இல் நிக்கல் ஏறத்தாழ பாதி, குரோமியம் 19 சதவீதம் அளவில். அந்தக் குரோமியம் காற்றுப் பட்டதும் சில நானோமீட்டர் தடிமனில் ஒரு ஆக்சைடு தோலைப் போர்த்திக்கொள்கிறது. அடர்த்தியான, வழவழப்பான, எதோடும் சேராத தோல். துருவைத் தள்ளி நிறுத்துவது அதுதான். உங்கள் பிரைமரைத் தள்ளி நிறுத்துவதும் அதுதான். அலுமினியத்தில் நாம் செய்வது வேறு. அங்கே கன்வர்ஷன் கோட்டிங் (வேதிக் குளியல்) அல்லது அனோடைசிங் (மின்சாரம் செலுத்தி ஆக்சைடு வளர்ப்பது) செய்து நுண்துளைகள் உள்ள ஒரு படுகையை முதலில் உருவாக்குகிறோம், பிரைமர் அதற்குள் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. நிக்கலுக்கு அந்த வசதி இல்லை. அலுமினியத்துக்கான அலோடைன் என்ற கன்வர்ஷன் குளியலில் இன்கோனலை முக்கினால் நனைந்து வெளியே வரும், அவ்வளவுதான்.

பாசிவேஷன் செய்தும் பிடிக்கவில்லையே என்று ஆச்சரியப்படுகிறீர்கள். நைட்ரிக் அமிலம் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் இரும்புத் துகள்களைக் கரைக்கும், ஆக்சைடு தோலை இன்னும் ஒழுங்காக்கும். துரு வராமல் இருக்க அது நல்லது. பெயின்ட் பிடிக்க வேண்டும் என்றால், ஏற்கெனவே வழுக்குகிற தரையை மெழுகித் துடைத்து வைத்தது போலத்தான். ட்ராயிங்கில் (பாகத்தின் வடிவமைப்பு வரைபடத்தில்) பாசிவேஷன் இருந்தால் செய்துதான் ஆக வேண்டும். ஆனால் அதைப் பெயின்ட்டுக்கான முன்வேலையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது.

உலர்ந்த சோதனையில் ஏன் தப்பித்தது? எபாக்சி எந்த வழவழப்பான பரப்பிலும் பலவீனமான மூலக்கூறு ஈர்ப்பால் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்திருக்கும் வரை டேப்பின் இழுவைக்கு அது போதும். எந்தப் பெயின்ட் படலமும் தண்ணீரை முழுதாகத் தடுக்காது. ஒரு நாளில் தண்ணீர் மெல்ல ஊடுருவி அடிவரை போய்விடும். ஆக்சைடுக்கு எபாக்சியைவிடத் தண்ணீர்தான் நெருக்கம். அது நடுவே புகுந்து எபாக்சியை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் உலர்ந்த டேப் சோதனையை நான் பெரிதாக மதிப்பதில்லை. நிக்கல், டைட்டானியம், ஸ்டெயின்லெஸ் மூன்றிலும் ஈர டேப் சோதனைதான் உண்மையைச் சொல்லும்.

சரி, செய்முறைக்குப் போகும் முன் ஒரு கேள்வியை நானே கேட்டுவிடுகிறேன்: இந்தப் பாகத்துக்கு எதற்காகப் பிரைமர்? இன்கோனல் துருப்பிடிக்காமல் இருக்க எபாக்சி தேவையில்லை. இரண்டு காரணங்கள்தான் பொதுவாக இருக்கும். ஒன்று, அது அலுமினியக் கட்டமைப்பில் போய் உட்காரப்போகிறது. நிக்கல் உன்னத உலோகப் பக்கம்; ஈரம் சேர்ந்தால் நிக்கல் கேத்தோடு, அலுமினியம் ஆனோடு, அரிபடுவது அலுமினியம். இங்கே பலரும் தலைகீழாக யோசிக்கிறார்கள். அரிபடுவது அலுமினியம்தானே, அதற்கு மட்டும் பெயின்ட் அடித்தால் போதும் என்று நினைப்பார்கள். அப்படிச் செய்து அந்தப் பெயின்ட்டில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால், பெரிய நிக்கல் பரப்பு மொத்தமும் சேர்ந்து அந்த ஒரு புள்ளி அலுமினியத்தைக் குடையும். கேத்தோடு பக்கத்தை மூடினால் மின்வேதி ஓட்டமே குறைந்துவிடும். ஆக, அரிக்காத உலோகத்துக்குப் பெயின்ட் அடிப்பது அர்த்தமற்ற வேலை அல்ல. பக்கத்து வீட்டுக்காரனைக் காப்பாற்ற அடிக்கிறோம். இரண்டாவது காரணம், மேலே டாப்கோட் வரவிருக்கிறது, அதற்கு ஓர் அடித்தளம் வேண்டும்.

இந்த இரண்டும் இல்லை, பாகம் இன்ஜினின் சூடான பகுதியில் உட்காரப்போகிறது என்றால், வேலையை நிறுத்திவிட்டு வடிவமைப்பாளரிடம் பேசுங்கள். இன்கோனலைத் தேர்ந்தெடுக்கும் முக்கியக் காரணமே வெப்பம். எபாக்சி பிரைமர் 150 டிகிரி செல்சியஸை ஒட்டித் திணற ஆரம்பிக்கும். அதற்கு மேல் தொடர்ந்து சூடானால் பழுத்து, நொறுங்கி, உதிரும். அங்கெல்லாம் சிலிக்கோன் அடிப்படையிலான வெப்பப் பெயின்ட்டோ அலுமினியம் கலந்த பீங்கான் வகைப் பூச்சோதான் சரி. பழைய ட்ராயிங்கிலிருந்து குறிப்பு நகலாகி வந்து, பொருந்தாத இடத்தில் எபாக்சி உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இனி தயாரிப்பு. சுத்தம் முதலில், உரசல் பிறகு. இந்த வரிசை மாறவே கூடாது. எண்ணெய் இருக்கும்போது தேய்த்தால் எண்ணெயைப் பள்ளங்களுக்குள் பூசியது போல் ஆகிவிடும். காரக் கரைசலில் கழுவி, நன்றாக அலசி, பிறகு கரைப்பானில் துடையுங்கள். துடைக்கும்போது இரண்டு துணிகள்: நனைத்த துணி முன்னே போகும், காய்ந்த துணி உடனே பின்னால் வரும். கரைப்பானைத் தானாக ஆவியாகவிட்டால், கரைந்த அழுக்கு அங்கேயே திரும்பப் படிந்துவிடும். உங்கள் பட்டியலில் "அசிட்டோனில் துடைத்து" என்று ஒரே வார்த்தையில் போயிருக்கிறது; அந்த ஒரே துணியால் எத்தனை பாகங்களைத் துடைத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் உரசல். என் முதல் தேர்வு கிரிட் பிளாஸ்ட், அதாவது காற்றழுத்தத்தில் உரசல் துகள்களைப் பரப்பின் மேல் அடிப்பது. புதிய வெள்ளை அலுமினியம் ஆக்சைடு, 180 மெஷ் அளவில், குறைந்த அழுத்தத்தில், பளபளப்பு போய் ஒரே சீராக மங்கும் வரை. அதற்கு மேல் அடிப்பதால் லாபமில்லை. பிரைமர் படலமே வழக்கமாக 15 முதல் 23 மைக்ரான்தான். கரடுமுரடான கிரிட்டால் ஆழமாகக் கொத்திவிட்டால் மேடுகளின் உச்சியில் பிரைமர் இல்லாமலே போய்விடும். அந்தப் பெட்டியில் இதற்கு முன் எஃகு பாகங்களை அடித்திருந்தால் கிரிட்டை மாற்றாமல் தொடாதீர்கள். அதிலிருக்கும் இரும்புத் தூள் நிக்கலில் பதிந்து, சில வாரங்களில் பிரைமருக்கு அடியிலிருந்து பழுப்புப் புள்ளிகளாக எட்டிப்பார்க்கும். அப்போது "இன்கோனல் துருப்பிடிக்கிறது" என்று ஒரு புகார் வரும். சாதாரண இரும்புக் கம்பி பிரஷ்ஷும் ஸ்டீல் உல்லும் இதே காரணத்துக்காக ஆகாது. மெல்லிய தகடு என்றால் பிளாஸ்ட்டே வேண்டாம்; ஒரு பக்கம் மட்டும் அடித்தால் தகடு வளைந்துகொள்ளும். அங்கே மெரூன் நிற ஸ்காட்ச்-பிரைட் உரசல் பேட் அல்லது அலுமினியம் ஆக்சைடு உப்புத்தாள், கையால், குறுக்கும் நெடுக்குமாக. தாளை அடிக்கடி மாற்றுங்கள். நிக்கல் அலாய் தேய்க்கத் தேய்க்க இறுகும் சாதி. மழுங்கிய தாள் வெட்டாது, பாலிஷ்தான் போடும்.

நைட்ரிக்-ஹைட்ரோஃபுளோரிக் கலவையில் கடிக்க வைக்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். கடிக்கும், சந்தேகமில்லை. ஆனால் உலோகத்தின் நுண்படிகங்கள் ஒன்றையொன்று தொடும் மணி எல்லைகளிலும் கடிக்கும். களைப்பு முறிவுக்கு (திரும்பத் திரும்ப விழும் சுமையால் விரிசல் விட்டு முறிவது) அஞ்ச வேண்டிய பாகத்தில், ட்ராயிங் அனுமதி இல்லாமல் அமிலத்தில் போடுவது பெயின்ட் பிரச்சினையைத் தீர்க்க விரிசல் பிரச்சினையை விலைக்கு வாங்குவதாகும்.

உரசியதும் தண்ணீர்ச் சோதனை. சுத்தமான அயனிநீக்கிய தண்ணீரை ஊற்றினால், படலம் அரை நிமிடம் உடையாமல் விரிந்து நிற்க வேண்டும். முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இருக்கிறது. இதில் ஒரு பொறி உண்டு. சோப்புக் கரைசலை ஒழுங்காக அலசாவிட்டால், மிஞ்சிய சோப்பே தண்ணீரை அழகாக விரித்துக் காட்டும். தண்ணீர்ச் சோதனையில் பாஸ், ஈர டேப்பில் ஃபெயில் என்று ஒரு முழு பாட்ச் என்னிடம் வந்தது. மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் அலசல் தொட்டியில் நுரை மிதப்பதை ஒருவர் சொன்னார். தொட்டியை மாற்றியதும் சரியாகிவிட்டது. கடைசி அலசலைத் தனித் தொட்டியில் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை வராது.

அடுத்தது நேரம், இதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். உரசிய பரப்பில் ஆக்சைடு உடனே மீண்டும் உருவாகிவிடும், அதைத் தடுக்க முடியாது, கவலையும் அதுவல்ல. புதிதாகத் திறந்த பரப்பு பசியோடு இருக்கும். பிரைமர் கிடைக்காவிட்டால் காற்றில் மிதக்கும் எண்ணெய் ஆவி, ஈரம், பக்கத்தில் யாரோ அடித்த சிலிக்கோன் ஸ்ப்ரே என்று எது கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். 8 மணி நேரம், ஒரு ஷிஃப்ட் என்றெல்லாம் ஆவணங்களில் இருக்கும். நான் 4 மணி நேரத்துக்கு மேல் விடுவதில்லை. மாலையில் பிளாஸ்ட் செய்து, மறுநாள் மதியம் பிரைமர் அடித்த ஒரு ட்ரே ஈர டேப்பில் பாதிக்குப் பாதி விழுந்தது நினைவிருக்கிறது. ஒரே கிரிட், ஒரே டின், ஒரே ஆள். அன்று மாலையே அடித்த இன்னொரு ட்ரேயில் ஒன்றுகூட விழவில்லை.

வெறும் உரசலோடு நிறுத்திவிடலாமா? பல பாகங்களுக்கு அது போதும். ஆனால் எண்ணெய், ஹைட்ராலிக் திரவம், வெப்ப ஏற்ற இறக்கம் எல்லாம் படும் இடமென்றால், நடுவில் ஒரு சோல்-ஜெல் அடுக்கு கொடுக்கச் சொல்வேன். போயிங் உருவாக்கிய போஜெல், அந்த வழியில் வந்த ஏசி-131 போன்றவை இந்த வகை. சிர்க்கோனியம் சேர்மமும் எபாக்சி முனை உள்ள சிலேன் என்ற சிலிக்கான் சேர்மமும் தண்ணீரில் கலந்து வரும். சிர்க்கோனியமும் சிலிக்கானும் ஒரு பக்கம் உலோக ஆக்சைடோடு வேதிப் பிணைப்பு போட்டுக்கொள்ளும்; மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் எபாக்சி முனை, பிரைமரின் அமைன் கெட்டியாக்கியோடு சேரும். தண்ணீர் வந்து எளிதில் நகர்த்த முடியாத பிடிப்பு அது. ஆனால் உரசலுக்குப் பதிலாக இதைப் போட முடியாது, உரசிய பிறகுதான் போட வேண்டும். கலந்தவுடன் அடிக்கவும் கூடாது. தரவுத்தாளில் சொன்ன நேரம் வரை காத்திருந்து, பரப்பு முழுக்க ஈரமாக வழியும்படி நனைத்து, தானாக உலரவிட்டு, அதில் குறித்த நேரத்துக்குள் பிரைமர். காய்ந்த சோல்-ஜெல் கண்ணுக்கே தெரியாது என்பதுதான் இதில் பெரிய எரிச்சல். விட்டுப்போன மூலையை ஈரமாக இருக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய வழி வாஷ் பிரைமர்: பாலிவினைல் பியூட்டிரால், துத்தநாகக் குரோமேட், ஃபாஸ்பாரிக் அமிலம். இன்றும் சில ட்ராயிங்குகளில் இருக்கிறது. 8 முதல் 13 மைக்ரான்தான் இருக்க வேண்டும். தடித்தால் அதுவே உள்ளே பிளக்கும். ஃபாஸ்பாரிக் அமிலம் எஃகைக் கடிப்பது போல இன்கோனலைக் கடிக்காது. மிஞ்சிய அமிலம் மேலே வரும் எபாக்சியின் அமைனோடு வம்பும் செய்யும். ட்ராயிங் கட்டாயப்படுத்தினால் ஒழிய நான் அந்தப் பக்கம் போவதில்லை.

பிரைமர் கலப்பதிலும் அடிப்பதிலும் நிக்கலுக்கென்று தனி விதி இல்லை. அடியில் தங்கிய நிறமியை ஷேக்கரில் போட்டு முழுதாகக் கலக்கிய பிறகே கெட்டியாக்கியைச் சேர்ப்பது, தரவுத்தாள் சொல்லும் நேரம் காத்திருப்பது, பாகத்தின் வெப்பநிலை பனிப்புள்ளிக்கு (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரியாவது மேலே இருப்பதைப் பார்ப்பது, இவை நீங்கள் ஏற்கெனவே செய்வதுதான். கனமான இன்கோனல் பாகம் குளிர்ந்த கிடங்கிலிருந்து வந்தால் நெடுநேரம் குளிர்ச்சியாகவே இருக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். அறை சூடு போதாது, பாகம் சூடாக வேண்டும்.

தடிமன் அளப்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அலுமினியத்தில் சரிசெய்த எடி கரண்ட் மீட்டரை (உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டிப் பூச்சின் தடிமனை அளக்கும் கருவி) அப்படியே இன்கோனலில் வைத்தால் எண் தப்பாக வரும், ஏனென்றால் இன்கோனல் மின்சாரத்தை மிக மோசமாகக் கடத்தும் உலோகம். 718-இன் கடத்துதிறன் தாமிரத்தில் 2 சதவீதம்கூட இல்லை. பெயின்ட் இல்லாத அதே அலாய்த் துண்டில், முடிந்தால் அதே தடிமனில், அதே பிளாஸ்ட் செய்த பரப்பில் பூஜ்யம் வைத்துவிட்டு அளக்க வேண்டும். மோனல் 400 என்ற நிக்கல்-தாமிரக் கலப்புலோகம் இன்னும் குறும்பு. அதன் கியூரி வெப்பநிலை (அதற்கு மேல் காந்தத்தன்மை போய்விடும் வெப்பநிலை) அறை வெப்பநிலையை ஒட்டி, 20 முதல் 50 டிகிரிக்குள் எங்கோ விழும். காலையில் குளிர்ந்திருக்கும்போது காந்தத்தை லேசாக இழுக்கும், மதியம் சூடேறினால் இழுக்காது. காந்தத்தைக் கொண்டு எந்த முறையில் அளப்பது என்று தானே முடிவு செய்யும் மீட்டரை மோனலில் வைத்த ஓர் ஆய்வாளர், ஒரே இடத்தில் காலையில் ஓர் எண், மாலையில் வேறோர் எண் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். அதனால் நான் எப்போதும் பாகத்தோடு ஓர் அலுமினியத் தகட்டையும் தொங்கவிட்டு அடிப்பேன். தடிமனை அதில் அளப்பேன். பிடிப்புச் சோதனைக்கு மட்டும் அதே அலாயில், அதே பிளாஸ்ட்டில் தயாரித்த வேறொரு தகடு. இரண்டு வேலைக்கும் ஒரே தகட்டை நம்பினால், இப்போது உங்களுக்கு நடந்ததுதான் நடக்கும்: அலுமினியத் தகடு பாஸ் ஆகும், பாகம் உரியும்.

குரோமேட் பிரைமரா, குரோமேட் இல்லாததா என்பதற்கும் ஒரு வார்த்தை. எபாக்சி பிரைமருக்கான அமெரிக்க ராணுவத் தரக்குறிப்பான எம்ஐஎல்-பிஆர்எஃப்-23377-இல் இரண்டு வகுப்புமே உண்டு. நிக்கலைக் காக்கக் குரோமேட் தேவையே இல்லை. தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியத்தின் விளிம்பில் ஈரம் தேங்கினால், கசிந்து போய்க் காக்கும் வேலையைக் குரோமேட் செய்யும். அந்த அளவில்தான் அதற்கு மதிப்பு. ஆறுமதிப்புக் குரோமியம் புற்றுநோய் தரும். அமெரிக்காவில் பணியிடக் காற்றில் 8 மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம்தான் வரம்பு, 2006 முதல். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 ஜனவரி 22-க்குப் பிறகு தனி அங்கீகாரம் இல்லாமல் ஸ்ட்ரான்ஷியம் குரோமேட்டைப் பயன்படுத்த முடியாது. ட்ராயிங் அனுமதித்தால் குரோமேட் இல்லாததை எடுங்கள். எந்த வகையாக இருந்தாலும், உரியும் பிரைமரை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்து எடுக்காதீர்கள். நிக்கல் தூசியும் நுரையீரலுக்கு ஆகாதது. இரண்டும் சேர்ந்து பறப்பதற்கு ஒரு தூசி மாஸ்க் பதிலாகாது.

உங்கள் கையில் இருக்கும் பாட்ச்சுக்கு வருவோம். மேலே இன்னொரு கோட் அடித்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அடியில் பிடிக்காததன் மேல் எத்தனை கோட் போட்டாலும் எல்லாம் சேர்ந்தே வரும். நிக்கலுக்கு ஒத்துக்கொள்ளும் ஸ்ட்ரிப்பரில் (பெயின்ட் நீக்கியில்) முழுதாக உரித்து எடுங்கள். ஸ்ட்ரிப்பரின் மிச்சம் மூலைகளிலும் துளைகளிலும் தங்கும், அலசலில் கஞ்சத்தனம் வேண்டாம். இவற்றில் ஏதாவது மீண்டும் வெல்டிங்குக்கோ ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கோ போகவிருந்தால் இன்னும் கவனம்: நிக்கலும் கந்தகமும் சேர்ந்தால் சுமார் 640 டிகிரியிலேயே உருகும் கலவை உருவாகி மணி எல்லைகளுக்குள் இறங்கும், ஈயமும் துத்தநாகமும் அதே வகைத் தொல்லை தருபவை. பெயின்ட், கிரீஸ், மார்க்கர் மை எதுவும் மிஞ்சக் கூடாது.

உரித்த பிறகு எல்லாவற்றையும் ஒரேயடியாக அடித்துவிடாமல், மூன்று சோதனைத் தகடுகளை முதலில் போடுங்கள், மூன்றும் 718. ஒன்று இப்போதைய முறை, அப்படியே. இரண்டாவது பாசிவேஷனுக்குப் பிறகு 180 கிரிட் பிளாஸ்ட், 4 மணி நேரத்துக்குள் பிரைமர். மூன்றாவது அதே பிளாஸ்ட், மேலே சோல்-ஜெல், பிறகு பிரைமர். பிரைமர் முழுதாகக் காய 7 நாள் விடுங்கள், 24 மணி நேரம் தண்ணீரில் போடுங்கள், எடுத்துத் துடைத்தவுடன் கீறி டேப்பை இழுங்கள். துடைத்துவிட்டு டீ குடித்து வந்து இழுத்தால் படலம் உலர்ந்து பிடிப்பு ஓரளவு திரும்பிவிடும், மோசமான தகடும் பாஸ் ஆகும். இரண்டாவது தகடு நின்றுவிட்டால் அந்த முறையையே அனுமதிக்கு அனுப்புங்கள். அதில் விளிம்புகளில் மட்டும் லேசாகத் தூக்கினால் மூன்றாவது முறைக்குப் போங்கள். இரண்டாவதும் முதலாவது போலவே முழுத் துண்டாக உரிந்தால், டேப்பைத் திருப்பிப் படலத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு, நேராக அலசல் தொட்டிக்கும் பிளாஸ்ட்டுக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரெஸருக்கும் போங்கள். காற்றுக் குழாயின் வாயில் ஒரு வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். எண்ணெய் வந்தால் துணியில் மஞ்சளாகத் தெரியும்.